மலாக்காவிலிருந்து மன்னார்குடிக்கு மூன்று நிமிடம்

“மலாக்கா, உங்கள் மன்னார்குடி தயார்.”

சிங்கப்பூர் ஆபரேட்டர் இதை ஆங்கிலத்தில் சொன்னாள். மன்னார்குடி அவள் வாயில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் மலாக்கா டெலிபோன் நிலையத்தில், வெளியூர் அழைப்புகளைக் கயிறு செருகி இணைக்கிற டிரங்க் போர்டுக்கு முன்னால் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஹெட்போன் பட்டை காதுக்கு மேல் அழுத்தி வலித்தது. வெளியே கொட்டுகொட்டென்று மழை. ஈரக் குடைகளின் வாடையும் சூடேறிய ஒயர்களின் வாடையும் கலந்து அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தன. சாயங்காலம் நாலு மணிக்கே விளக்குப் போட்டிருந்தார்கள்.

வேறு யாருடைய அழைப்பாவது என்றால் கயிற்றைச் செருகி, “பேசுங்கள்” என்று சொல்லிவிட்டு அதன் போக்கில் விட்டிருப்பேன். ஆனால் அது எங்கள் வீட்டு அழைப்பு. அந்த முனையில், நினைவு தெரிந்த நாளாய் நான் பார்த்தேயிராத என் அக்கா வேதா. இந்த முனையில், மலாக்காவில் நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் பக்கத்து வீட்டுப் போனுக்கு முன்னால் என் அம்மாவும் அப்பாவும். அக்கா எங்களிடம் வருவாளா, அங்கேயே இருந்துவிடுவாளா என்பது அந்த மூன்று நிமிடத்துக்குள் தெரிந்துவிட வேண்டும்.

 கயிற்றைச் சரியான துளையில் செருகினேன். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இந்த வயதில் பொய் அடக்கம் எதற்கு?

சைபரை விட்டுவிட்டுப் போடு

போன வாரம் என் மருமகள் சமையற்கட்டில் நின்றபடியே தஞ்சாவூருக்குப் பேசினாள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். சைபர் சைபர், தொண்ணூற்றொன்று, அப்புறம் ஊருக்கான எண். ஊர் எண்ணுக்கு முன்னால் ஒரு சைபர் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஏதோ ஒரு புளிக்குழம்பின் பக்குவம் கேட்டாள். குழம்பு கொதிக்கும் வரை பேசினாள். அதற்குப் பிறகும் பேசினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் என்ன கோபம், பாவம், அவள் என்ன செய்தாள்? இதற்கு நாங்கள் பட்ட பாட்டை நினைத்தால் யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

ஐம்பத்தேழில் மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த அந்தச் சமயத்தில், மலாக்காவில் வெளிநாட்டுக்கு எண் சுழற்றுவது என்ற பேச்சே கிடையாது. முதலில் எங்களைக் கூப்பிட்டு ‘புக்’ பண்ண வேண்டும். எந்த நாடு, எந்த ஊர், எந்த எண், யாரோடு பேச வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதிக்கொண்டு சிங்கப்பூருக்குச் சொல்வோம். சிங்கப்பூர் பம்பாய்க்கு, பம்பாய் மெட்ராசுக்கு, மெட்ராஸ் தஞ்சாவூருக்கு, தஞ்சாவூர் மன்னார்குடிக்கு. கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி ஒருத்தர் ஒருத்தராய்க் கூப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டால் பந்தி கலைந்துவிடும்.

கடலுக்கு மேல் கம்பி ஏது? வானொலி மாதிரி காற்றில்தான் குரல் போகும். ஒரு நாள் மணி மாதிரி கேட்கும். இன்னொரு நாள் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிகிற சத்தம்தான் கேட்கும். கட்டணமோ யானை விலை. அதனால்தான் ஆளைக் குறிப்பிட்டுப் பதிவு செய்வார்கள். பெயர் சொன்ன அந்த ஆள் வந்து போனை எடுத்தால்தான் நிமிடம் ஓடத் தொடங்கும். ஆள் இல்லையென்றால் பெரிய செலவு இல்லை.

இந்தப் ‘பெயர் சொன்ன ஆள்’ என்ற விஷயத்தை வாசகர்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் வினையே அதில்தான் ஆரம்பித்தது.

தூரத்துக்கு ஏற்ற சத்தம்

அந்த வேலைக்குப் போனதிலிருந்து காஜா பெராங் வட்டாரத்தில் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. யாருக்காவது இந்தியாவுக்குப் பேச வேண்டும் என்றால் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எப்படி புக் பண்ணுவது, என்ன சொல்வது, எப்போது வாயைத் திறப்பது என்று பாடம் கேட்பார்கள். நானும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன். இங்கே நாலு மணி என்றால் அங்கே இரண்டு மணி, அதைக் கணக்கில் வைத்துக் கடுதாசி போட்டு ஆளை வரச் சொல்லுங்கள் என்பேன்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் கேட்கமாட்டார்கள். கத்தாதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்வேன். வாயருகே வைத்து நிதானமாகப் பேசினால் போதும், மெதுவாகப் பேசினால்தான் தெளிவாகப் போகும், கத்தினால் குரல் உடைந்துவிடும் என்பேன். ஊஹும். பக்கத்து ஊர் என்றால் சாதாரணமாகப் பேசலாம், கோலாலம்பூர் என்றால் கொஞ்சம் உரக்க, கடல் தாண்டி என்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். தூரத்துக்கு ஏற்ற சத்தம்.

ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் ஒரு துணிக்கடை ராவுத்தர் இருந்தார். மாதம் ஒரு தடவை நாகூருக்குப் பேசுவார். அவர் போடுகிற சத்தத்தில் எதிர்ச் சாரிக் கடையில் நகை பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வெளியே வந்து எட்டிப் பார்ப்பார்கள். இந்தச் சத்தத்துக்கு போன் எதற்கு, மாடியில் ஏறி நின்று கூப்பிட்டாலே நாகூரில் திரும்பிப் பார்ப்பார்களே என்று கடைக்காரர்கள் சிரிப்பார்கள். ராவுத்தர் நல்ல மனுஷர். “அம்மாடி, பொண்டாட்டிகிட்ட மெதுவாப் பேசணும்னா ஊருக்கே போயிருவேனே” என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

அன்றைக்குச் சிரித்தேன். அந்தப் பேச்சில் எவ்வளவு விஷயம் இருந்தது என்று பிறகுதான் விளங்கியது. கத்திப் பேசுகிறவர்கள் அக்கம்பக்கத்துக்குப் பொதுவான பேச்சைத்தான் பேச முடியும். மனதில் உள்ளதைக் கத்திச் சொல்ல யாருக்கு வரும்?

அம்மை வார்த்த குழந்தை

அக்கா எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவும் நானும் மலாக்காவில் பிறந்தவர்கள். ஜப்பான்காரன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று அம்மா எங்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினாள். அக்காவுக்கு ஐந்து வயது இருக்கும். நான் கைக்குழந்தை. திரும்புகிற சமயத்தில் அக்காவுக்கு அம்மை வார்த்துவிட்டது. முகமெல்லாம் முத்து. அந்தக் கோலத்தில் கப்பலில் ஏற்றமாட்டார்கள். நீ கைப்பிள்ளையோடு கிளம்பு, வேதாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அடுத்த கப்பலுக்கு யாரோடாவது அனுப்புகிறேன் என்று அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, சொன்னாள். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை.

அடுத்த கப்பல் வரவில்லை. சண்டை வந்தது.

சண்டை முடிந்து கடல் திறந்தபோது அக்காவுக்குப் பத்து வயதாகிவிட்டது. பெரியம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் பரீட்சை, அடுத்த வருஷம் அறுவடை முடியட்டும், அதற்கடுத்த வருஷம் பெரியம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று தள்ளிக்கொண்டே போனது. இங்கேயும் யாரும் அடித்துக் கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் மனம் நோகும் என்பார் அப்பா. அவர்கள் மனம், இவர்கள் மனம் என்று எல்லாருடைய மனத்தையும் பார்த்தார்கள். அக்கா மனத்தைக் கேட்க வேண்டும் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பிறகு சுதந்திரம் வந்தது. குடியுரிமைப் பேச்சு ஊரெல்லாம் அடிபட்டது. கோப்பிக் கடையில், கோயிலில், பஸ்ஸில் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. நாட்டுக்குள் இருப்பவர்கள் மனுப் போடலாம், வெளியே தங்கிவிட்டவர்கள் இனி நுழைவது வரவரக் கஷ்டம் என்று அப்பா அலுவலகத்தில் கேட்டுவிட்டு வந்தார். அதே வாரம் பெரியப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. வேதாவுக்கு நல்ல வரன் வந்திருக்கிறது, தை பிறந்தால் முடித்துவிடலாம், உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தார்.

அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், “எனக்கு அவ வாயால கேக்கணும்” என்றாள். அக்கா பெயரில் வரும் கடிதம் எல்லாம் பெரியப்பா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதியவை. நலம், நலமறிய ஆவல். அதில் அக்கா எங்கே இருந்தாள்? அவள் குரல் வேண்டும் என்றாள் அம்மா. பதினாறு பதினேழு வருஷமாய் ஒன்றும் கேட்காதவள் கேட்டதால் அப்பா மறுக்கவில்லை.

யார் பெயரில் அழைப்பு?

மன்னார்குடியில் பெரியப்பாவின் சிநேகிதர் ஒருவருக்கு நெல் மில் இருந்தது. அங்கே போன் இருந்தது. எங்களுக்கு இந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மக் நாச்சியின் போன். மக் நாச்சி காஜா பெராங் சிட்டிக் குடும்பத்துப் பெண்மணி; எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மலாக்காவில் வந்து தங்கிவிட்ட தமிழ்ச் செட்டிகளின் வழி. எங்களைப் போலவே பிள்ளையாரைக் கும்பிடுகிறவர். நெற்றியில் திருநீறு இருக்கும், பேச்சு மட்டும் மலாய். தமிழ் நாலைந்து வார்த்தைக்கு மேல் வராது. அவர் கணவரின் உத்தியோகத்துக்காக வீட்டில் போன் வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

பதிவு செய்ய வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த படிவத்தை எடுத்தேன். பேச வேண்டிய ஆள் என்ற இடத்தில் வேதா என்று எழுதப் போனபோது அப்பா தடுத்தார்.

“வயசுப் பொண்ண, பேரச் சொல்லி மில்லுக்கு வரச் சொல்றதா? அங்க நாலு ஆம்பள நிப்பான். பெரியப்பா பேர்ல போடு. அவரு கூட்டிட்டு வருவாரு.”

நான் விடவில்லை. அக்கா பெயரில் போட்டால் முதலில் அக்காதான் போனை எடுக்க வேண்டும், பெரியப்பா பெயரில் போட்டால் பெரியப்பா எடுப்பார், நீங்கள் இருவரும் சௌக்கியம் விசாரித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும் என்று வாதாடினேன். அப்பா, மூத்தவரை விட்டுவிட்டுச் சின்னவளைக் கூப்பிடுவது என்ன மரியாதை என்றார். அம்மா பக்கம் திரும்பினேன். அம்மா யோசித்தாள். யோசித்துவிட்டு, “அப்பா சொல்றதும் நாயந்தானேடி” என்றாள்.

நாயம்! அந்த வார்த்தையைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. பெரியப்பா பெயரிலேயே அழைப்பு பதிவானது.

லைன் சரியாக இருந்தது

அன்று காலையில் அம்மா துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் பட்டை எடுத்து உடுத்திக்கொண்டாள். போனில் பேசுவதற்குப் பட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கட்டிக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது.

நான் போர்டில் இருந்தேன். என் தோழியிடம் சொல்லி அந்த நேரத்து வேலையை நானே வாங்கிக்கொண்டேன். வெளிநாட்டு அழைப்பு என்றால் லைன் அறுந்துவிடாமல் இருக்கிறதா என்று ஆபரேட்டர் கடைசி வரை காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் வாயைத் திறக்கக்கூடாது. எங்கள் மேற்பார்வையாளர் உஜோங் பாசிரிலிருந்து வரும் ஒரு செரானி அம்மாள், போர்த்துகீசிய வழி. இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். உன் காது சர்க்கார் சொத்து, உன் வாய் உன் வீட்டில் இருக்கட்டும் என்பார். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. லைன் மோசமாக இருந்து, பேசுகிறவர்களில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காவிட்டால், நாங்கள் நடுவில் புகுந்து சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம்.

கயிற்றைச் செருகினேன். அப்பா பேசினார். பெரியப்பா பேசினார். இருவரும் நான் பயந்தபடியே பேசினார்கள். சௌக்கியமா, சௌக்கியம், மழை எப்படி, இங்கே நல்ல மழை, அங்கே எப்படி, சுதந்திரம் வந்துவிட்டதாமே, ஆமாம், கலவரம் கிலவரம் இல்லையே, இல்லை, எல்லாம் அமைதி. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேதாவை அனுப்பி வையுங்கள் என்ற ஒரு வாக்கியத்தை அப்பா வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருந்தார். இப்போது அது வெளியே வரவில்லை. வேதா விஷயத்தில் உங்கள் சௌகரியம் எப்படியோ அப்படி என்றார்.

 பெரியப்பாவும் பாவம்தான். கேட்டுவிடுவார்களோ என்று அவர் பயந்துகொண்டு நின்றிருப்பார். “நாங்க தடை சொல்லல. அவகிட்டயே கேட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனைக் கொடுத்தார்.

இங்கே அம்மா வாங்கினாள். மூச்சு இரைப்பது கேட்டது.

“வேதா?”

“அம்மா.”

அக்கா குரலை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். என் குரல் மாதிரியே இருந்தது. 

அம்மா சுற்றி வளைக்கவில்லை. அப்பா சொல்ல முடியாததை அவள் ஒரே மூச்சில் சொன்னாள். “கண்ணு, நீ இங்க வந்துர்றியா? ஒனக்கு இஷ்டம்னா சொல்லு. அப்பா வந்து கூட்டியாந்துருவாரு.”

அக்கா மெதுவாகச் சொன்னாள். போன் வாயை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, போனில் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினாள்.

“வந்து கூட்டிட்டுப் போம்மா.”

“என் ராசாத்தி” என்றாள் அம்மா. சொன்னாளா, மூச்சு விட்டாளா என்று தெரியாத அளவுக்கு.

அப்போது பின்னால் பெரியப்பாவின் குரல் கேட்டது. அதட்டல் இல்லை, அக்கறைதான். “சத்தமாப் பேசும்மா. கடல் தாண்டிக் கேக்க வேணாமா?” கூட யாரோ ஆண்கள் சிரித்தார்கள். மில் ஆட்களாக இருக்கும். ஆமாம் பாப்பா, நல்லா உரக்கச் சொல்லு என்று ஒருவர் சொன்னதும் கேட்டது.

 பிறகு அக்கா உரக்கச் சொன்னாள். மில் முழுக்கக் கேட்கும்படி, பெரியப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

“எனக்கு இங்க ஒரு கொறையும் இல்லம்மா. நீங்க கவலப்படாதீங்க.”

 எனக்கு வாய் துடித்தது. அம்மா, அதை விடு, முதலில் சொன்னதுதான், முதலில் சொன்னதைப் பிடித்துக்கொள் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. லைன் கெட்டிருந்தால் சட்டப்படியே நடுவில் புகுந்து அக்கா முதலில் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருப்பேன். ஆனால் லைன் அன்றைக்குப் பார்த்துக் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த மழையிலும் ஒரு கடுகு பொரியவில்லை.

“சரிம்மா. நல்லாரு” என்றாள் அம்மா.

மூன்று நிமிடம் என்றாள் சிங்கப்பூர்க்காரி.

அவ வரலியாம்

வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே மக் நாச்சி என்னை நிறுத்தினார். போனை வைத்த பிறகும் உன் அம்மா அதை விட்டு நகரவில்லை, அங்கேயே நின்றாள் என்று மலாயில் சொன்னார். பிள்ளை வரப்போகிறாளா என்று கேட்டதற்கு உன் அம்மா தலையை ஆட்டிவிட்டாள், இல்லையென்றுதானே அர்த்தம் என்று என்னிடம் கேட்டார். அவர்கள் பேசிய தமிழ் புரியாத அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது.

உள்ளே அம்மா பட்டை மடித்துக்கொண்டிருந்தாள். “அவ வரலியாம்” என்றாள்.

“மொதல்ல மெதுவா ஒண்ணு சொன்னாளே?” என்றேன்.

“என்ன சொன்னா? எனக்கு ஒண்ணும் கேக்கல.”

எனக்கு வந்த கோபத்தில் அம்மாவென்றும் பார்க்கவில்லை. காதில் விழுந்தது, நீ ராசாத்தி என்றாய், நான் கேட்டேன் என்று சத்தம் போட்டேன். அப்பா எழுந்து வந்து, அவளே வேண்டாம் என்று சொன்ன பிறகு நீ ஏன் குதிக்கிறாய் என்றார். அப்பாவுக்கு மெய்யாகவே ஒன்றும் தெரியாது. அம்மா பட்டைப் பெட்டியில் வைத்து மூடினாள். 

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. படம் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை நல்லவர்தான். அக்கா குறையில்லாமல்தான் வாழ்ந்தாள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

கங்கோங் கீரை

சில வருஷம் கழித்துப் பெரியம்மா தவறிவிட்டதாகத் தந்தி வந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அதற்குள் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. முன்பு போல் சண்டை போடுகிற தெம்பு இல்லை.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“எனக்குக் கேட்டுச்சுடி. ரெண்டும் கேட்டுச்சு. மொத சொன்னது அவ மனசு. ரெண்டாவது சொன்னது அவ வளர்ப்பு. எங்கக்கா அப்பிடி வளத்து வச்சிருக்கா. அப்புறம் நான் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு அவ கையிலேருந்து பிள்ளைய வாங்கறது?”

 நானும் ஒரு தாயாகிவிட்டிருந்தேன். பெரியம்மாவின் பக்கமும் தெரிந்தது, அம்மாவின் பக்கமும் தெரிந்தது. ஆனால் மெதுவாகச் சொல்லிவிட்டு அந்த மில்லில் நின்றுகொண்டிருந்த பெண்ணின் பக்கத்தில் அன்றும் யாரும் இல்லை, இன்றும் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அழுதேன். அம்மாவும் அழுதாள். இப்போதாவது அவளைக் கூப்பிடலாமே என்றேன். அவளுக்கு இப்போது வீடு, வாசல், பிள்ளைகள், இனிமேல் கூப்பிடுவது அவள் குடும்பத்தைக் கலைப்பது என்றாள் அம்மா. நாட்டுச் சட்டமும் அதற்குள் கதவை நன்றாகவே சாத்தியிருந்தது.

இதை அம்மா வேறு யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொன்னதில்லை. இன்றைக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, அக்காவும் போன வருஷம் போய்விட்டாள். யார் மனம் நோகும் என்று பார்க்க ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

அக்கா மெதுவாகப் பேசியது

எண் சுழற்றினாலே இந்தியா கிடைக்கும் காலம் வந்தபோது, அக்கா மகன் வீட்டில் போன் வைத்தான். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் நான் பேசினேன். நடுவில் சிங்கப்பூர்க்காரி இல்லை, பம்பாய் இல்லை, பெரியப்பா இல்லை. நானும் அக்காவும் மட்டும்தான். இருந்தும் என்ன? அக்கா கத்துவாள். “சௌக்கியமா பாப்பா! மருமவப் புள்ள சௌக்கியமா!” என்று என் காது அடைத்துப்போகும். அக்கா, மெதுவாகப் பேசினாலே கேட்கும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சரி சரி என்று அதையும் கத்தியே சொல்வாள். கூடத்தில் மகன், மருமகள், வந்தவர் போனவர் எல்லாருக்கும் எங்கள் பேச்சு தெரியும். அதனால் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது.

ஒரு நாள் மத்தியானம் நான் கூப்பிட்டபோது அக்கா வழக்கம்போல் கத்தவில்லை. வீட்டில் எல்லாரும் கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், முட்டிவலி என்று நான் மட்டும் இருக்கிறேன் என்றாள். சாதாரணக் குரலில் சொன்னாள். என்னவோ போலிருந்தது எனக்கு. கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசினோம். பிறகு அக்கா, அம்மா காரியத்துக்குக்கூட என்னால் வர முடியவில்லையே என்றாள். அது நடந்து பல வருஷமாகியிருந்தது. இதற்கு முன் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

“பாப்பா, ஒண்ணு கேக்கறேன். என் கல்யாணத்துக்கு முன்ன ஒரு தரம் போன் பண்ணீங்களே. நீதானே அன்னிக்கு அங்க போர்டுல இருந்தேன்னு சொன்னே?”

ஆமாம் என்றேன்.

“நான் மொதல்ல மெதுவா ஒண்ணு சொன்னேன். அம்மாவுக்கு அது கேட்டுச்சா?”

அந்த மத்தியானமும் லைன் அவ்வளவு தெளிவாக இருந்தது. அவள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குப் பட்டதைப் பட்டென்று சொல்லித்தான் பழக்கம். என் வீட்டுக்காரர் சாகும்வரை அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டே போனார். அந்த நாக்கு அன்றைக்கு எழவில்லை.

“இல்லக்கா. அன்னிக்கு லைனு சரியில்ல.”

அக்கா பெருமூச்சு விட்டாள். எத்தனையோ வருஷமாகத் தூக்கிக்கொண்டு நின்ற எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது.

“அதானே பாத்தேன்” என்றாள். “கேட்டிருந்தா வராம இருந்திருப்பாங்களா?”